ஒரு கை தூக்கினால்

நாங்கள் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கூடுவோம், ஐந்தரைக்கெல்லாம் கலைந்துவிடுவோம். மூன்று வருஷம் அப்படி நடந்தது. கேளம்பாக்கத்தில் தனியாக ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு, ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வாரம் முழுவதற்கும் அந்த மூன்று மணி நேரம்தான் மனிதர்களோடு இருந்த நேரம்.

நாங்கள் ஆடியது ஒரு கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். பாழடைந்த கோட்டை, சுரங்கம், கூளிகள், பூதங்கள் எல்லாம் உண்டு. "கதவை உதைக்கிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். கதவு திறந்ததா, கால் முறிந்ததா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். இருபது விழுந்தால் நினைத்ததைவிட நன்றாக நடக்கும். ஒன்று விழுந்தால் விபரீதம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று காகிதத்தில் எழுதியிருக்கும். அது தீர்ந்தால் சாவு.

கதையை நடத்தியவர் செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் மனைவி ஒரு கிளினிக்கில் நர்ஸ். விளையாட்டிலும் அவள் காயத்துக்கு மருந்து போடுகிறவள்தான். "வாரத்துல ஆறு நாள் இதையேதானே பண்றேன், ஏழாவது நாள் பூதத்துக்கும் பண்ணிட்டுப் போறேன்" என்று சிரிப்பாள். நான் சூனியக்காரி. தூரத்தில் நின்று மந்திரம் போடுகிறவள், அடி கிட்டே வந்தால் முதலில் ஓடுகிறவள்.

நான்காவது ஆள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரன். முப்பது வயதைத் தாண்டியவன். அப்பாவோடு பதினைந்து வயதிலிருந்து கடலுக்குப் போனவன். பிறகு படகு இன்ஜின் ரிப்பேர் கற்றுக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் வெளியூர்க்காரர்களுக்கு அலைச்சறுக்கும் சொல்லிக்கொடுத்தான். வாத்தியாரும் மனைவியும் ஒரு நாள் அவனிடம் சறுக்கக் கற்கப் போனார்கள். நல்ல அலை வருவதற்காகப் பலகைமேல் உட்கார்ந்து காத்திருந்த நேரத்தில் வாத்தியார் பொழுது போகாமல் போன வாரத்துக் கோட்டைச் சண்டையைச் சொல்லியிருக்கிறார். நல்ல அலை இரண்டு மூன்று போய்விட்டன. அவன் சறுக்கச் சொல்லவே இல்லை. "அப்பால இன்னா ஆச்சு சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

அடுத்த ஞாயிறு செங்கல்பட்டுக்கு வந்துவிட்டான். அதுவரை நாங்கள் பாதி ஆங்கிலத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் பொறுத்தவன் சொன்னான்:

"சார், இத்த இங்கிலீஷ்ல ஆடுனா எனுக்குத் தூக்கம் வருது. தமிழ்ல சொல்லு. அப்பால பாரு."

வாத்தியார் அன்றிலிருந்து எல்லாவற்றையும் தமிழில் நடத்தினார். கதைக்கு அப்போதுதான் ரத்தம் ஏறியது. ஒரு சுரங்கத்தில் நுழைந்தால் வௌவால் நாற்றம் அடித்தது.

அவனுடைய பாத்திரம் ஒரு காவல்வீரன். கேடயமும் ஒரு குட்டை வாளும். சண்டை என்று வந்தால் அவன் செய்கிற முதல் காரியம், தரையில் வரைந்திருக்கும் வரைபடத்தைச் சுற்றி நடந்து பார்ப்பது. "எங்க அடிக்கிறதுன்னு அப்பால பாப்போம். எப்டி வெளிய வர்றதுன்னு மொதல்ல பாரு" என்பான். பிறகு எங்களை ஒவ்வொருவராக நிறுத்துவான். குறுகலான இடம் எது என்று கண்டுபிடித்து, அதில் தான் போய் நிற்பான். வெளியே வரும் வழியைப் பார்த்துவைப்பது எங்களுக்காகத்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. தனக்கு அவன் ஒருநாளும் வழி பார்த்துக்கொண்டதில்லை.

ஒரு பழைய கலங்கரை விளக்கத்தில் நடந்த சண்டை நினைவிருக்கிறது. பன்னிரண்டு கூளிகள் துரத்திக்கொண்டு வருகின்றன. நாங்கள் சுழல்படியில் ஏறுகிறோம். நர்ஸின் பாத்திரம் கால் ஒடிந்து கீழே பின்தங்கிவிட்டது.

"படி இம்மாம் அகலம்தான்" என்று கையை விரித்துக் காட்டினான். "ஒருத்தன் நின்னா ஒருத்தன்தான் ஏற முடியும். பன்னெண்டு பேரு இருந்தா இன்னா, நூறு பேரு இருந்தா இன்னா. நர்ஸக்கா என்னத் தாண்டி மேல போற வரிக்கும் நான் நிக்கறேன்."

அவள் தவழ்ந்து ஏறிக் கடந்து போவதற்குள் அவனுடைய உயிர்ப்புள்ளி மூன்றுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு சுற்று நின்றால்தான் அவள் மேல் கதவை எட்ட முடியும். நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன்.

"வந்துடுப்பா. பத்துக்கு ஏழு வாய்ப்பு நீ செத்துடுவ. அவங்களுக்கு அப்புறமா ஏதாவது பண்ணிக்கலாம்."

"யக்கா, நீ கெலிக்கறதுக்கு ஆட மாட்ற. தோக்காம இருக்கறதுக்கு ஆடற."

பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. கேடயம் நழுவி, கூளிகள் அவன்மேல் ஏறிப் போயின. காவல்வீரன் செத்தான். நர்ஸ் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள். அவன் தன் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அவங்க மேல போய்ட்டாங்க இல்ல, வுடு" என்றான். அடுத்த வாரம் புதுக் காகிதத்தில் இன்னொரு காவல்வீரன் வந்தான். அதே கேடயம், அதே வாள். மீசை மட்டும் வேறு என்று சொல்லிக்கொண்டான்.

அவன் சொன்னது சரிதான். நான் அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தேன். கல்யாண வாழ்க்கை கசக்கத் தொடங்கிய முதல் வருஷத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று வதந்தி வந்தாலே வேறு கம்பெனிக்கு மாறிவிடுவேன். கையில் இருப்பதோடு கரையேறிவிட வேண்டும். மிச்சத்தைப் பற்றி யோசிக்கக்கூடாது. அதைப் புத்திசாலித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தபிறகு செங்கல்பட்டுவரை வருவது சிரமமாயிற்று. நாங்களே அவன் குப்பத்துக்குப் போகத் தொடங்கினோம். கடற்கரையை ஒட்டி வலை பின்னுவதற்காகக் கட்டிய கூடம் ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் திறந்து, மேலே கான்கிரீட் கூரை. காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை வைத்துக்கொள்வோம். அவன் மனைவி வறுத்த நெத்திலி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பாள். "இத்தினி வயசாயி இன்னா ஆட்டம் இது" என்று தலையில் அடித்துக்கொண்டு போவாள்.

அது ஒரு கார்த்திகை மாதம். ஒரு வாரம் விடாமல் மழை பெய்து, அன்று வெயில் அடித்தது. பக்கத்துக் குப்பத்தில் ஒரு கல்யாணம். ஊரே வேன் வைத்துக்கொண்டு போயிருந்தது. அவன் மனைவியும் குழந்தையோடு போய்விட்டாள். நாங்கள் வருகிறோம் என்பதால் அவன் மட்டும் போகவில்லை. "வராதீங்கன்னு சொல்லியிருக்கலாமே" என்று வாத்தியார் கேட்டதற்கு, "போன வாரம் அந்தப் பூதத்த பாதியில வுட்டுட்டுப் போய்ட்ட. கல்யாணத்துல உக்காந்தா எனுக்கு சோறு எறங்குமா?" என்றான்.

ஆரம்பித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. தெற்கே சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து ஒரு பையன் ஈரச் சட்டையோடு கத்திக்கொண்டு ஓடி வந்தான். வார்த்தை வரவில்லை. கையைக் காட்டினான். கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் குளிக்க வந்திருக்கிறார்கள். மூன்று பேர் உள்ளே போய்விட்டார்கள்.

மழைக்குப் பிறகு கடல் பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும், நம்பக்கூடாது என்று அவன் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். கூடத்திலிருந்த நைலான் கயிற்றுச் சுருளையும் இரண்டு காலி பிளாஸ்டிக் கேன்களையும் தூக்கிக்கொண்டு ஓடினான். நாங்கள் பின்னால் ஓடினோம். அலை உடைகிற இடத்தைத் தாண்டி மூன்று தலைகள். இரண்டு சேர்ந்தாற்போல, ஒன்று கொஞ்சம் தள்ளி.

அவன் நின்று பார்த்தான். விளையாட்டில் வரைபடத்தைப் பார்ப்பானே, அதே மாதிரி. கத்தவில்லை, பதறவில்லை.

"அந்த எடத்துல தண்ணி உள்ள இசுக்குது. அதுலயே நானும் போறேன், சீக்கிரம் போய்டலாம். வரும்போது நானா நீந்தி வர முடியாது, நீங்கதான் இழுக்கணும்." கயிற்றில் கேன்களைக் கோத்து, நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டே பேசினான். "யக்கா, நீ முன்னால நில்லு, என்னியே பாத்துகினு இரு. சார், நீ அக்கா பின்னால. ஒரு கை தூக்குனா இன்னும் கயிறு வுடு. ரெண்டு கையும் தூக்குனா இழு. ஒரு கை இன்னா?"

"விடணும்."

"ரெண்டு கை?"

"இழுக்கணும்."

நர்ஸிடம் ஃபோன் செய்து ஆள் கூப்பிடச் சொல்லிவிட்டு இறங்கினான். ஒரு நிமிஷத்துக்குள் அவர்களிடம் போய்விட்டதுபோல் இருந்தது. கயிறு என் கைகளுக்குள் ஓடியது. ஒருவனிடம் கேனைக் கொடுத்தான். அவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டாமவன் இவன் கழுத்தைப் பிடித்து அமுக்கினான். இருவரும் மூழ்கி எழுந்தார்கள். இவன் அவனைத் திருப்பிப் போட்டு, முடியைப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது பையன் அவர்களிடமிருந்து பத்தடி தள்ளி இருந்தான். அவன் முகம் எங்களைப் பார்த்து இருந்தது. வாய் திறந்திருந்தது.

அப்போது இவன் ஒரு கையைத் தூக்கினான்.

இதை நான் பலவிதமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். வெயில் கண்ணில் அடித்தது, ஒரு அலை குறுக்கே வந்தது, இன்னொரு கையில் பையனைப் பிடித்திருந்ததால் இரண்டாவது கையைத் தூக்க முடியாதே என்று நினைத்தேன். எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டவை. நான் பார்த்தது ஒரு கை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் காலடியில் இன்னும் நாலைந்து சுற்று கயிறு கிடந்தது. ஒரு பெரிய அலை எழும்பி வருவதையும் பார்த்தேன். இரண்டு பேர் கையில் இருக்கிறார்கள், இப்போது இழுக்காவிட்டால் எல்லாரும் போய்விடுவார்கள் என்று எனக்குள் ஏதோ முடிவு செய்துவிட்டது. அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இழுங்க சார்!" என்று கத்தினேன்.

வாத்தியார் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். அவருக்குக் கடல் சரியாகத் தெரியவில்லை. நான் சொன்னதும் குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தார். நானும் இழுத்தேன். ஓடி வந்த பையனும் சேர்ந்து இழுத்தான். கயிறு விறைத்தது. நுரைக்குள்ளிருந்து ஒரு கேன் வந்தது, அதைப் பிடித்திருந்தவன் வந்தான், பிறகு இவனும் இவன் கையிலிருந்தவனும் வந்தார்கள். நர்ஸ் ஓடிவந்து ஒருவனைக் கவிழ்த்துப் போட்டு முதுகைத் தட்டினாள். அவன் தண்ணீராகக் கக்கினான்.

இவன் கரையில் ஒரு நொடிகூட உட்காரவில்லை. இடுப்புக் கயிறு நனைந்து இறுகியிருந்தது. அவிழ்க்க முடியாமல் கயிற்றோடேயே திரும்ப ஓடினான். அந்த இடத்தில் தலை எதுவும் இல்லை. மூழ்கி மூழ்கித் தேடினான். மூன்றாவது முறை அவனாக வெளியே வரவில்லை, நாங்கள்தான் இழுத்துப் போட்டோம். மணலில் கவிழ்ந்து கிடந்து, விரல்களால் மணலைப் பிறாண்டிக்கொண்டிருந்தான்.

ஒரு மணி நேரத்தில் கல்யாண வேன்கள் திரும்பி வந்தன. படகுகள் இறங்கின. போலீஸ் வந்தது. ஒரு ஏட்டு எங்களை வரிசையாக நிறுத்திக் கேட்டார். நான் சொன்னேன்: "அவரு கை தூக்கினாரு. நாங்க இழுத்தோம்."

ஏட்டு அவனைப் பார்த்தார். "அப்படியாப்பா?"

தோளில் யாரோ போர்த்திய துண்டோடு அவன் நின்றுகொண்டிருந்தான். என்னை ஒருமுறை பார்த்தான். "ஆமா சார்" என்றான்.

இரண்டு நாள் கழித்து, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பையன் கரை ஒதுங்கினான்.

அந்த வாரமே குப்பத்துப் பேருந்து நிறுத்தத்தில் இளைஞர்கள் அவன் படத்தைப் போட்டு ஒரு பேனர் கட்டினார்கள். இருவரைக் காத்த வீரன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மறுநாள் காலை அவனே ஏறி அதை அறுத்துப் போட்டான். கட்டியவர்களுக்குக் கோபம். செத்தவனின் நண்பர்கள் இணையத்தில் வேறு மாதிரி எழுதினார்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தவனை விட்டுவிட்டு வந்தான் என்று எழுதினார்கள். காப்பாற்றப்பட்ட இருவரில் ஒருவன் ஒரே ஒரு தடவை நன்றி என்று செய்தி அனுப்பினான். மற்றவனிடமிருந்து எதுவும் இல்லை.

பையனின் அப்பா வந்தார். ஏதோ அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். முதல் முறை அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் அழவில்லை. மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"தம்பி, மூணு பேர் இருந்தாங்க. என் பையனை மட்டும் ஏன் கடைசியா வச்சீங்க?"

"கைக்கு ஆப்ட்டவங்கள புடிச்சேன் சார்."

"அவன் நல்லா நீந்துவான்னு நினைச்சீங்களா?"

"இல்ல சார். அவரு அந்தாண்ட இருந்தாரு. இவங்க இந்தாண்ட இருந்தாங்க. அவ்ளோதான் சார்."

"அவ்ளோதானா?" என்றார் அவர்.

பிறகு எந்த இடம் என்று காட்டச் சொன்னார். இவன் அவரைத் தண்ணீர் ஓரம் கூட்டிப்போய்க் கையை நீட்டிக் காட்டினான். இருவரும் அங்கேயே நின்றார்கள். நான் பத்தடி பின்னால் நின்றேன். ஓடிப் போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். செருப்புக்குள் மணல் புகுந்திருந்தது. குனிந்து அதைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அப்பா அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும். அதே கேள்விதான். அவன் ஒரு தடவையும் எரிந்து விழவில்லை.

அவன் கடலுக்குள் இறங்குவதை நிறுத்திவிட்டான். சறுக்குப் பலகைகளை யாருக்கோ கொடுத்துவிட்டான். இன்ஜின் ரிப்பேருக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். ஒருநாள் நான் தனியாகப் பார்க்கப் போயிருந்தபோது அவன் இல்லை. அவன் மனைவி வாசலில் நின்று பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"யக்கா, அன்னிக்கி நீங்கல்லாம் வராம இருந்தா அதுவும் எங்கூட கல்யாணத்துக்கு வந்திருக்கும். அந்தப் பசங்க மூணு பேரும் போயிருப்பாங்க. பாவம்தான். ஆனா என் வூட்ல யாரும் செத்திருக்க மாட்டாங்க."

"உங்க வீட்ல யாரும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"பின்ன இது இன்னா?" என்று உள்ளே கையைக் காட்டினாள். மடித்து வைத்த பாய், சுவரில் மாட்டிய சட்டை, தரையில் உட்கார்ந்து பிஸ்கட்டை நொறுக்கிக்கொண்டிருந்த குழந்தை. வேறு ஒன்றும் இல்லை.

வாத்தியார் நல்ல மனிதர். ஏதாவது செய்ய வேண்டும் என்று துடித்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான்கைந்து மாதம் கழித்து அவனை வற்புறுத்திச் செங்கல்பட்டுக்கு வரவழைத்தார். "பாதியில விட்ட பூதம் அப்படியே இருக்குப்பா" என்றார். அவன் வந்தான். மெலிந்திருந்தான். பழைய காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கதையை நடத்துகிறவர் முன்னால் ஒரு அட்டையை மறைப்பாக வைத்துக்கொள்வது வழக்கம். எதிரிகளுக்காக அவர் உருட்டும் பகடை அந்த அட்டைக்குப் பின்னால்தான் விழும். அன்று அவர் ஒரு பாலத்துச் சண்டையை வைத்தார். காவல்வீரன் பாலத்தின் நடுவில் நிற்கிறான், பூதம் தாக்குகிறது. அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டது. "தவறிடுச்சு" என்றார். மறுபடியும் உருண்டது. "தவறிடுச்சு." ஐந்தாவது முறையும் தவறியது. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஆறாவது முறை அவன் கையை நீட்டி அட்டையை மெதுவாகப் படுக்க வைத்தான். பகடையில் இருபது.

"சார்" என்றான்.

"இல்லப்பா, அது வந்து..."

"மத்ததும் இதானா?"

வாத்தியார் வகுப்பில் மாட்டிக்கொண்ட மாணவனைப்போல் உட்கார்ந்திருந்தார்.

"இத்தினி நாளா ஆடுனது எல்லாம் இப்டித்தானா சார்? நான் படியில நின்னது, செத்தது, எல்லாம்?"

"சத்தியமா இல்ல. இன்னிக்கு மட்டும்தான்."

அவன் நம்பினானா என்று தெரியவில்லை. காகிதத்தை மேசைமேலேயே வைத்துவிட்டு எழுந்தான். "நல்ல மனசோடதான் பண்ண. தெரியுது. ஆனா இனிமே கூப்டாத சார்." படியிறங்கிப் போனான். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒருமுறைகூட ஆடவில்லை.

ஒரு வருஷம் கழித்து அவன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி வாசலில் காவலாளியாகச் சேர்ந்துவிட்டான் என்று நர்ஸ் சொன்னாள். வண்டி நம்பர் எழுதும் வேலை. நான் ஒரு வாரம் யோசித்தேன். பிறகு லீவு போட்டுவிட்டுப் போனேன். இரண்டு மணிக்கு அவன் ஷிப்ட் முடியும் என்று விசாரித்துக்கொண்டு, ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் நின்றேன். நீலச் சட்டையும் தொப்பியுமாக வந்தான். என்னைக் கண்டதும் நின்றான், பிறகு வந்தான்.

"இன்னாக்கா, இவ்ளோ தொலவு."

டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு லாரிகள் போயின. பிறகு சொன்னேன்.

"நீ அன்னிக்கு ஒரு கைதான் தூக்கின. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் இழுக்கச் சொன்னேன்."

இதைச் சொல்வதற்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவன் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தான்.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"இடுப்புல கட்டிகினு கீறேன். கயிறு எப்ப இறுகுச்சுன்னு எனுக்குத் தெரியாதா?"

"அப்ப போலீஸ்கிட்ட ஏன் ஆமான்ன?"

"பின்ன இன்னா சொல்றது? உன்ன இட்டுகினு போவானுங்க. இல்லாட்டி அவங்க அப்பா உன் வூட்டாண்ட வந்து நிப்பாரு. அவரு வந்து நிக்கறத்துக்கு ஒரு வூடு இருந்தா போதும்க்கா. ரெண்டு எதுக்கு?"

டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன்.

"நான் விட்டிருந்தா அவன் கிடைச்சிருப்பானா?"

அவன் தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைத் துடைத்தான்.

"கெடச்சிருப்பான். இல்ல, அந்த அலையில நாலு பேரும் போயிருப்போம். ரெண்டுல ஒன்னு."

"எதுன்னு நினைக்கிற?"

"ஒரு நாளிக்கி அது. ஒரு நாளிக்கி இது."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்த வார்த்தை அந்தக் கடையில், அந்த ஹாரன் சத்தத்தில், அபத்தமாகக் கேட்டது. அவன் கையை ஆட்டினான்.

"அதுல இன்னா கீது. உம்மேல கோவம்லாம் இல்ல. நீ பயந்த. எல்லாரும்தான் பயந்தோம்." தொப்பியை மாட்டிக்கொண்டான். "ஒன்னு மட்டும் கேப்பேன். செய்வியா?"

"சொல்லு."

"இனிமே என்னப் பாக்க வராத. உன்னப் பாத்தா இங்க இழுக்கற மாரி கீது." இடுப்பில் கையை வைத்துக் காட்டினான். நிஜமாகவே வலிக்கிற இடத்தைக் காட்டுகிறவனைப்போல. அவன் ஏற வேண்டிய பஸ் வந்தது. டம்ளரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டான். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அவன் கேட்டபடி இருந்துவிட்டேன். வாத்தியாரையும் இப்போது பார்ப்பதில்லை. அவர் வீட்டுக்குப் போனால் எங்களுக்குப் பேச எதுவும் இருப்பதில்லை. நர்ஸ் மட்டும் எப்போதாவது ஃபோன் செய்வாள். கயிற்றைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. வாத்தியாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், தன் கைகளும் சேர்ந்துதான் இழுத்தன என்று அவர் தூக்கத்தைத் தொலைப்பார்.

பையனின் அப்பாவுடைய எண் என்னிடம் இருக்கிறது. முதல் முறை வந்தபோது எல்லாரிடமும் கொடுத்துவிட்டுப் போனார், ஏதாவது நினைவு வந்தால் கூப்பிடுங்கள் என்று. அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை எடுத்திருக்கிறேன். சொன்னால் அவன் போலீஸிடம் பொய் சொன்னான் என்று ஆகும். இத்தனை நாளாக அவர் முகத்தைப் பார்த்து அவன் பொறுத்துக்கொண்டது எதற்கும் இல்லை என்று ஆகும். அப்படி நினைத்து ஃபோனை வைத்துவிடுகிறேன். அதுவும் என் பயத்துக்கு நானே மாட்டிய நல்ல சட்டையாக இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் நர்ஸ் ஃபோன் செய்தபோது ஒன்று சொன்னாள். பையனின் அப்பா இன்னும் அவன் வீட்டுக்கு வருகிறாராம். இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லையாம். வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். இவன் ஷிப்ட் முடிந்து வந்திருந்தால் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறான். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். குடித்துவிட்டு அவர் எழுந்து பஸ்ஸுக்குப் போகிறார்.